சூலமும் கரகமும்: மலாக்காத் தமிழரின் வழிபாட்டு உருவங்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு பெரியது: காட்சிக் கலைகளில் குறியீடும் ஆன்மிகப் பொருளும். மாமல்லபுரத்தையும் தஞ்சையையும் சிதம்பரத்தையும் பேசியே எனக்குரிய நேரத்தை நிறைத்துவிடலாம். அவற்றைப் பற்றி நல்ல நூல்கள் நிறைய வந்துவிட்டன. தோட்டத்து முனியாண்டி கோயிலில் நிற்கும் சூலத்தைப் பற்றியும், தீமிதிக்கு முன் ஆற்றங்கரையில் ஜோடிக்கும் கரகத்தைப் பற்றியும், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டுச் சுவரில் தொங்கிய சாமிப்படத்தைப் பற்றியும் எழுதியவர்கள் குறைவு. இவையும் காட்சிக் கலைதான். மலாக்காவில் கூடியிருக்கும் நாம் இவற்றை முன்வைத்தே இந்தத் தலைப்பை ஆராய்வோம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வழிபாட்டு உருவம் ஒன்றின் பொருளில் ஒரு பாதி அதன் வடிவத்தில் இருக்கிறது. மறு பாதி அதற்கு நாம் செய்யும் செயலில் இருக்கிறது. நீராட்டி, மஞ்சள் பூசி, பூச்சாத்தி, வலம் வந்து, சிலவற்றைக் கரைத்து, மறு ஆண்டு மீண்டும் செய்யும் வரைதான் குறியீடு உயிரோடு இருக்கும். செயலை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் காப்பாற்றினால் மிஞ்சுவது அலங்காரம். இதை மலாக்காவின் உருவங்களைக் கொண்டே காட்ட முயல்கிறேன்.

1. பட்டியலின் பெருமையும் எல்லையும்

கோயில் விழா மலர்களைப் புரட்டிப் பாருங்கள். விநாயகரின் பெரிய காது நிறையக் கேட்கச் சொல்கிறது, சிறிய கண் கூர்ந்து பார்க்கச் சொல்கிறது, ஒடிந்த தந்தம் தியாகத்தைக் காட்டுகிறது என்று ஒரு பட்டியல் இருக்கும். சமய வகுப்புகளில் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். இதில் பிழையில்லை. இந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு பெரிய மரபே இருக்கிறது.

அந்த மரபின் சிகரம் ஆடவல்லான் திருவுருவத்துக்குச் சைவ சித்தாந்தம் தந்த விளக்கம். மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் ஒன்றான ‘உண்மை விளக்கம்’ என்ற நூலில் திருவதிகை மனவாசகங் கடந்தார் ஐந்தொழிலையும் அந்த ஆட்டத்தில் காட்டுகிறார். உடுக்கை ஏந்திய கை படைக்கிறது. அபயம் காட்டும் கை காக்கிறது. தீ ஏந்திய கை அழிக்கிறது. ஊன்றிய திருவடி மறைக்கிறது. தூக்கிய திருவடி அருள்கிறது. ஒரு செப்புத் திருமேனிக்குள் ஒரு தத்துவம் முழுவதும் அடங்கிவிடுகிறது. கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இந்த விளக்கத்தை ஆங்கிலத்தில் உலகின் முன் வைத்தார். அவருடைய ‘சிவனின் நடனம்’ என்ற கட்டுரைத் தொகுப்பு 1918இல் நியூயார்க்கில் வெளிவந்தது. இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் நடராசர் முன் நிற்கும் வெளிநாட்டாருக்கும் உடுக்கையின் பொருளும் தீயின் பொருளும் தெரிகிறதென்றால், அதில் குமாரசுவாமியின் பங்கு பெரிது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் நடராசருக்குப் பட்டு இல்லை, மாலை இல்லை. நான்கு கைகளும் திருவாசியின் சுடர்களும் தெளிவாகத் தெரிகின்றன. கோயிலில் அதே திருமேனி பட்டிலும் பூவிலும் மூழ்கியிருக்கும். உடுக்கையும் தீயும் பாதி மறைந்திருக்கும். தீபாராதனை வெளிச்சத்தில் அடியார் காண்பது முகத்தையும் தூக்கிய திருவடியையும்தான். மணியோசை, கற்பூர மணம், கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கை, கையில் விழும் திருநீறு, இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் அது தரிசனம். ‘உண்மை விளக்கம்’ மாணவன் கேட்க ஆசிரியர் விடை சொல்லும் நூல். அந்த மாணவன் ஏற்கெனவே வழிபட்டு வந்தவன். வழிபட்டதன் உட்பொருளைக் கேட்கிறான். வழிபாடு முன்னது, விளக்கம் பின்னது. நாம் இன்று பிள்ளைகளுக்கு விளக்கத்தை முதலில் கொடுத்துவிட்டு, அதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

2. பொற்கொல்லர் தெருவில் ஒரு பிள்ளையார்

மலாக்கா நகரின் பழைய பகுதியில் ஜாலான் துக்காங் இமாஸ் என்னும் பொற்கொல்லர் தெருவில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் இருக்கிறது. டச்சுக்காரர் ஆண்ட காலத்தில், இங்கே பல தலைமுறைகளாக வேரூன்றியிருந்த மலாக்கா செட்டி சமூகத்தாருக்கு அவர்கள் கொடுத்த மனையில் 1781இல் எழுந்த கோயில் அது. இன்றும் வழிபாடு நடக்கும் மலேசிய இந்துக் கோயில்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. 1962 முதல் நிர்வாகத்தை நாட்டுக்கோட்டை நகரத்தார் பார்த்துவருகிறார்கள்.

அதே தெருவில் சில அடி தள்ளி, இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் கட்டிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். இன்னும் சற்று நடந்தால் பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் சீனக் கோயில். உருவத்தைப் பற்றி மனித குலம் எடுத்த மூன்று நிலைகளை இந்தச் சிறு தூரத்தில் பார்த்துவிடலாம். பிள்ளையார் கோயிலில் கருங்கல் உருவம். பள்ளிவாசலில் உருவமே இல்லை. அடுக்கடுக்காக ஏறும் கூரையும், சீனப் பகோடாவைப் போன்ற மினாராவும், செதுக்கு வேலை நிறைந்த மரப் பிரசங்க மேடையும் மனத்தை மேலே கொண்டுபோகின்றன. சீனக் கோயிலில் கருணைத் தெய்வமான குவான் யின். கூரையில் உடைந்த பீங்கான் துண்டுகளை ஒட்டிச் செய்த பூக்களும் பறவைகளும் விலங்குகளும். இறைவனை உருவத்தில் காண்பதும் உருவமின்றி உணர்வதும் பகையான இரண்டு வழிகள் என்று நினைப்பவர்கள் இந்தத் தெருவில் ஒரு மாலை நேரம் நடந்து பார்க்க வேண்டும்.

பிள்ளையாருக்கு வருவோம். மூலவர் யானைத் தலையும் மனித உடலும் நான்கு கைகளும் கொண்டவர். பட்டியல் சொல்லும் எல்லாக் குறிகளையும் அவரிடம் எண்ணிப் பார்க்கலாம். அதே சன்னதியில் ஒரு ஓமமோ அபிஷேகமோ தொடங்கும்போது அர்ச்சகர் என்ன செய்கிறார்? ஒரு பிடி மஞ்சளை நீர் விட்டுப் பிசைந்து, கூம்பாகப் பிடித்து, வெற்றிலையில் வைத்து, தலையில் அறுகம்புல்லைச் செருகுகிறார். அதுவும் பிள்ளையார்தான். துதிக்கை இல்லை, தந்தம் இல்லை, காது இல்லை, தொந்தி இல்லை. பட்டியலில் உள்ள எந்தக் குறியும் அந்த மஞ்சள் பிடியில் கிடையாது. ஆனாலும் முதல் பூசை அதற்கே. கல்யாண வீட்டிலும் புதுமனை புகுவிழாவிலும் நம் அம்மாக்கள் இதைச் செய்யும்போது, இது பிள்ளையாரா என்று எந்தக் குழந்தையும் சந்தேகப்படுவதில்லை.

அப்படியானால் பிள்ளையார்த் தன்மை எங்கே இருக்கிறது? பிடித்த கையில், செருகிய புல்லில், ‘முதலில் உனக்கு’ என்று தொடங்கும் எண்ணத்தில் இருக்கிறது. வேலை முடிந்ததும் அந்த மஞ்சளை நீரில் கரைத்துவிடுகிறோம். கருங்கல்லில் நிலைத்திருக்கும் பிள்ளையாரும் நீரில் கரைந்துபோகும் பிள்ளையாரும் ஒரே சன்னதியில் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறார்கள். நம் கலை மரபின் ஆழம் இந்த இணைப்பில் இருக்கிறது.

மாசி மகத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம். அந்த விழாவுக்கு முருகனின் வெள்ளி ரதம் இக்கோயிலிலிருந்து செங் வட்டாரத்துச் சன்னாசிமலைக்குப் புறப்படுகிறது. மூலவர் இருந்த இடத்தில் இருக்க, உற்சவர் வீதிக்கு வருகிறார். ஆலமரத்தடியில் காத்திருப்பவருக்கும் கடைவாசலில் தேங்காய் உடைப்பவருக்கும் சாமி தம் இடம் தேடி வந்தது என்பதே அந்த வெள்ளித் தேரின் பொருள். தேரை நிலையில் நிறுத்தி வேலைப்பாட்டைப் பார்க்கும்போது கிடைக்காத பொருள் அது.

3. தோட்டத்துச் சூலம்

1896இல் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் நடந்த முதல் ரப்பர்ப் பயிரீடு அது. அடுத்துப் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் தோட்டம் எழுந்தது. அதன்பின் கெமுனிங், தெபோங், டைமண்ட் ஜூபிலி, மெர்லிமாவ் என்று ஊர் ஊராகத் தோட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த நம் முன்னோர் காட்டை அழித்துக் கன்று நட்டார்கள். அவர்களிடம் சிற்பி இல்லை, கல் இல்லை, பணம் இல்லை. இருந்தாலும் சாமி இல்லாமல் அவர்களால் இருக்க முடியவில்லை. லயத்துக்கு அருகே மாரியம்மன். எல்லையில் முனியாண்டி, மதுரை வீரன், சங்கிலிக் கருப்பர். ஒரு கல், ஒரு சூலம், ஒரு மரத்தடி, இவை போதுமாயிருந்தன.

ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் நான் பார்த்த சூலத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டம் அது. லயங்கள் இப்போது இல்லை. செம்மண் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் முழங்கால் உயரச் சிமெண்டு மேடை. அதில் வெள்ளையும் காவியும் மாறி மாறிப் பட்டை அடித்திருக்கிறார்கள். மேடையில் ஆள் உயரத்துக்கு ஒரு சூலம். தோட்டத்துப் பட்டறையில் பட்டை இரும்பைக் காய்ச்சி அடித்தது. சுத்தியல் பட்ட பள்ளங்கள் இன்னும் தெரிகின்றன. நடு முனை மற்ற இரண்டையும்விட நீளம். மூன்று முனைகளிலும் எலுமிச்சம்பழம். மேலே புதுப்பழம் மஞ்சளாக இருக்கிறது. அதற்குக் கீழே பழைய பழம் காய்ந்து கறுத்துக் கல்லாகிவிட்டது. இரும்பில் குங்குமம் அப்பி அப்பி ஒரு தடித்த தோல் போல ஏறியிருக்கிறது. கழுத்தில் சிவப்புத் துணி. அடியில் இரண்டு அரிவாள், ஒரு சுருட்டு, ஒரு கண்ணாடி விளக்கு.

அந்தச் சூலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்தேன். லயங்கள் இருந்த பக்கம் அதன் முதுகு. காடு இருந்த பக்கம் அதன் முகம். பூசை செய்யும் பெரியவரிடம் காரணம் கேட்டேன். “நம்மளப் பாக்குறதுக்கா நிக்கிறாரு? வர்றதப் பாக்கத்தானே நிக்கிறாரு” என்றார். எந்த அகராதியிலும் இல்லாத விளக்கம் அது.

சூலத்தின் மூன்று முனைகளுக்கும் இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்று சக்திகள் என்று விளக்கம் சொல்வதுண்டு. மதிக்க வேண்டிய விளக்கம்தான். ஆனால் விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் வாளியுமாகப் பால்மரம் வெட்டப் போன ஒரு பெண்ணுக்கு அந்தச் சூலம் தந்த பொருள் வேறு. பாம்பும் காட்டுப் பன்றியும் இருட்டும் இருக்கும் நிரைக்குள் நுழையுமுன் அவள் அங்கே ஒரு கணம் நிற்பாள். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொள்வாள். அதற்கு மேல் எல்லை தாண்டலாம். நான் போகும் இருட்டுக்குள் எனக்கு முன்பே ஒருவர் விழித்திருக்கிறார் என்பதுதான் அவள் அறிந்த பொருள். நூறு ஆண்டுகள் நம் மக்கள் அந்தப் பொருளின் பலத்தில் வேலைக்குப் போனார்கள்.

இதைக் ‘கிராமத்து நம்பிக்கை’ என்று ஒதுக்குபவர்களுக்கு நம் சமயமே விடை வைத்திருக்கிறது. இறைவனின் நிலைகளைச் சைவ சித்தாந்தம் உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்றாகச் சொல்கிறது. கைகால் உள்ள திருமேனி உருவம், இலிங்கம் அருவுருவம். கண், மூக்கு, வாய் இல்லாத இலிங்கமே சிவாலயத்தின் மூலத்தானத்தில் இருக்கிறதே? முகமில்லாத சூலத்தையும் கல்லையும் முழுமையடையாத சிலைகள் என்று நினைப்பது எப்படிச் சரியாகும்? சிலை செய்ய வழியில்லாமல் வைத்தவை என்று தொடங்கியிருக்கலாம். தலைமுறைகளின் வழிபாடு அவற்றை முழுமையாக்கிவிட்டது.

இந்த மண்ணும் அதை முன்பே அறிந்திருந்தது. அலோர் காஜா வட்டாரத்தில் நட்டு நிறுத்திய பெருங்கற்கள் பல இடங்களில் இருக்கின்றன. மலாய் மக்கள் அவற்றை ‘பத்து ஹிடுப்’, அதாவது உயிருள்ள கல், என்று அழைக்கிறார்கள். அவை வளர்கின்றன என்றும் நம்பினார்கள். நம் முன்னோர் கல் நட்டு மஞ்சள் பூசியபோது, நின்ற கல்லுக்கு மரியாதை செய்யத் தெரிந்த ஒரு மண்ணில்தான் அதைச் செய்தார்கள்.

4. கரைந்துபோகும் அம்மன்

மாரியம்மனின் நிறங்களைப் பேசாமல் மலாக்காவைப் பேச முடியாது. காஜா பேராங்கில் உள்ள கம்போங் செட்டியில் மலாக்கா செட்டி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து இங்கேயே வேரூன்றியவர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய். உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். வழிபடுவது சிவனையும் அம்மனையும். அவர்களுடைய ஸ்ரீ முத்து மாரியம்மன் கோயில் 1822இல் எழுந்தது. அங்கு ஆண்டுதோறும் நடக்கும் திருவிழாவை ‘டத்தோ சாச்சார்’ என்று அவர்கள் சொல்கிறார்கள். மொழி மாறிப்போனது. வாசலில் கட்டும் மாவிலை மாறவில்லை. காவடியும் பால்குடமும் மாறவில்லை. முன்னோருக்குப் போகியன்று ஒரு முறையும் பழப் பருவத்தில் ஒரு முறையும் ‘பார்ச்சு’ என்று படைக்கிறார்கள். வாழையிலை விரித்து, மறைந்தவர் விரும்பி உண்டதைப் பரிமாறி, சாம்பிராணி போடுகிறார்கள். மறைந்தவர் அமரும் இடத்தைக் காட்ட அந்த இலை போதும்.

என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. மொழியே கைவிட்டுப் போன ஒரு சமூகத்தில், பொருளைச் சுமந்து வந்தது செயல். ஒரு மாவிலைத் தோரணத்தைக் கட்டும் விதத்தில், ஓர் இலையை விரிக்கும் திசையில் ஒரு பண்பாடு பிழைத்திருக்கிறது.

தோட்டங்களில் அம்மனின் அழகெல்லாம் கரகத்தில்தான். ஜோடிப்பவர் விரதமிருந்து, ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ ஒரு குடத்தை வைத்து நீர் நிரப்புவார். மஞ்சள் தடவிய நூலைக் குடத்தின் மேல் சுற்றுவார். வேப்பிலையை அடுக்கடுக்காகச் செருகி, அதன்மேல் பூச்சரத்தைக் கூம்பாகச் சுற்றிக் கட்டி, உச்சியில் எலுமிச்சம்பழத்தை வைப்பார். கீழே பச்சை, மேலே வெள்ளையும் மஞ்சளும் சிவப்பும். வேம்பு கசப்பு, நோய்க்கு மருந்து. மஞ்சள் மங்கலம், புண்ணுக்கும் மருந்து. குங்குமச் சிவப்பு சக்தி. உள்ளே குளிர்ந்த நீர். அம்மை கண்ட உடம்புக்கு நம் பாட்டிமார் செய்த பண்டுவத்தின் பொருள்கள் இவை. அம்மனின் உருவத்தை அவர்கள் அந்தப் பண்டுவத்தின் பொருள்களாலேயே செய்தார்கள். நோயும் அவளே, மருந்தும் அவளே என்ற கடினமான உண்மையைக் கண்ணுக்கு இனிய ஒரு வடிவத்தில் வைத்தார்கள்.

கரகம் தலையில் ஏறி, பம்பையும் உடுக்கையும் ஒலிக்க, வீடு வீடாக நின்று மஞ்சள் நீரால் பாதம் கழுவப் பெற்று, தீக்குழியில் இறங்கி ஏறுகிறது. விழா முடிந்ததும் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். அத்தனை நேரம் பார்த்துப் பார்த்துச் செய்த அழகு ஒரு நொடியில் கரைகிறது. யாரும் அதை வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில்லை. சிற்பி கல்லில் நிலைநிறுத்தியதைப் போற்றத் தெரிந்த நாம், கரைத்துவிடுவதற்காகவே செய்த இந்தக் கலையையும் அதே வரிசையில் வைக்க வேண்டும்.

5. சுவரில் இருந்த சாமி

லயத்து வீட்டுக்குள் சாமி வந்தது அச்சகத்தின் வழியாக. ராஜா ரவி வர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியபோது, கோயில் கருவறைக்குள் போக முடியாதவரின் வீட்டுக்கும் தெய்வ உருவம் போய்ச் சேர வழி பிறந்தது. நம் தமிழ் முகம் கொண்ட சாமிப்படங்களுக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார்: சி. கொண்டையா ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதிப் பிழைத்தவர். 1940களில் கோவில்பட்டியில் தங்கி, அவரும் அவர் சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி உலகத் தமிழர் வீடுகளுக்கெல்லாம் போயின. வட்டமான முகம், நேராகப் பார்க்கும் பெரிய கண், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், இருபுறமும் நாடகத் திரை போல விரியும் மலையும் வானமும் அந்தப் படங்களின் இலக்கணம்.

அந்த நேரான பார்வைக்குக் காரணம் உண்டு. நம் மரபில் உருவத்துக்கு உயிர் வருவது கண் திறக்கும்போது. தாலக் கணக்குப்படி அளவெடுத்து உடலைச் செதுக்கி முடித்த சிற்பி, கடைசியில் தங்க ஊசியால் கண் திறக்கிறார். அதன் பிறகுதான் அது சாமி. நாம் சாமியைப் பார்ப்பதோடு சாமியும் நம்மைப் பார்க்க வேண்டும். காலண்டர் ஓவியர் இதை அறிந்தவர். அறையின் எந்த மூலையில் நின்றாலும் நம்மையே பார்க்கும் முருகனை அவர் நமக்குத் தந்தார்.

தோட்டத்து வீடுகளில் ஆண்டு முடிந்ததும் தேதித் தாள் போகும், சாமிப்படம் போகாது. கண்ணாடி போட்டுச் சாமி மேடைக்கு ஏறும். பொட்டு வைத்து வைத்து நெற்றியில் காகிதம் சந்தன நிறத்துக்கு மாறும். ஆயிரக்கணக்கில் அச்சான ஒரு தாள், அந்தப் பொட்டினால் ஒரே ஒரு குடும்பத்தின் சாமியாகிறது. கோயில் சுவரில் எனாமல் வண்ணத்தால் சாமி வரைந்த தோட்டத்து ஓவியர்களுக்கும் இந்தப் படங்களே பாடநூல். கண்காட்சிகளில் இடம் பெறாத அந்தக் கைகளை நான் இங்கே வணங்குகிறேன்.

குறியீடு நவீன ஓவியத்துக்கும் பொருள் தந்தது. சென்னைக் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையை வரைந்தார். சாதகக் கட்டங்கள், எண்கள், படிக்க இயலாத எழுத்துகள், சிறு உருவங்கள் அவற்றில் நிறைந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்டால் விடை கிடைக்காது. மொத்தமாக நின்று பார்த்தால் நம் ஊர்ச் சோதிடரின் ஓலையும் மந்திரத் தகடும் மனத்தில் எழும். மலாக்காவில் தூரிகை பிடிக்கும் இளைஞர்களுக்கு இது ஒரு வழிகாட்டி. காய்ந்த எலுமிச்சையும் பட்டை இரும்பும் மஞ்சள் நூலும் உங்கள் ஓவியத்துக்குக் காத்திருக்கின்றன.

6. இடம் பெயரும் சாமிகள்

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டன. மக்கள் பட்டணத்துக்குப் போனார்கள். கோயில்கள் சில இடம் மாறின, சில மறைந்தன, சில பெரிதாக எழுந்தன. பெரிதாக எழுந்தவற்றில் ஒரு போக்கு தெரிகிறது. பழைய கல்லையும் சூலத்தையும் எடுத்துவிட்டு, தமிழ்நாட்டுச் சிற்பிகள் செய்த முழு உருவச் சிலையை வைக்கிறார்கள். சுருட்டு போய்ச் சர்க்கரைப் பொங்கல் வருகிறது. முனியாண்டி முனீஸ்வரராகிறார். சிங்கப்பூரில் முனீஸ்வரர் வழிபாடு அடைந்த மாற்றங்களை வினிதா சின்ஹா 2005இல் வெளியான நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பால் நடந்தது இங்கும் நடக்கிறது.

இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. தகரக் கொட்டகையில் கும்பிட்ட மக்கள், கையில் பணம் வந்ததும் தங்கள் சாமிக்கு நல்ல வீடு கட்ட நினைப்பது இயல்பு. அது அவர்கள் உரிமையும்கூட. கோபுரம் எழும்போது அவர்களுடைய தன்மானமும் எழுகிறது. 2006இல் பத்துமலை வாசலில் 140 அடி முருகன் நின்றபோது இந்த நாட்டுத் தமிழர் அடைந்த பெருமிதத்தை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் புதிய சிலை வருவதற்குப் பழைய சூலம் ஏன் போக வேண்டும்? அதன்மேல் ஏறியிருக்கும் குங்குமம் நம் பாட்டன் பாட்டியின் விரல் பட்டது. ஆற்றில் விட்டுவிட்டால் எந்தச் சிற்பியாலும் திருப்பித் தர முடியாது. புதிய சிலையின் பாதத்தருகே பழைய கல்லையும் சூலத்தையும் வைத்து, முதல் பூசையை அவற்றுக்குச் செய்யலாம். சில கோயில்கள் அப்படிச் செய்கின்றன. அவற்றின் பொறுப்பாளர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

வீட்டிலும் இதே கதைதான். அரிசி மாவில் போட்ட கோலம் எறும்புக்கும் குருவிக்கும் உணவாகி அன்றே அழிந்தது. மறுநாள் விடியலில் மீண்டும் ஒரு பெண் குனிந்து புள்ளி வைத்தாள். இன்று வாசலில் ஒட்டுக் கோலம். வடிவம் அச்சுப் பிசகாமல் இருக்கிறது. விடியலும் குனிதலும் ஈகையும் அதில் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது மாவு எடுத்துக் கோலம் போட்டால் அந்தப் பொருள் திரும்பி வந்துவிடும்.

7. செய்ய வேண்டியவை

பாராட்டிப் பேசிவிட்டுப் போவதற்காக இந்த மேடைக்கு நான் வரவில்லை. மூன்று தரப்பாருக்கு மூன்று வேண்டுகோள்கள்.

கோயில் பொறுப்பாளர்களே, திருப்பணி தொடங்குமுன் பழைய உருவங்களையும் சுவர் ஓவியங்களையும் இருக்கும் இடத்திலேயே, இருக்கும் திசையிலேயே படம் எடுத்து வையுங்கள். பழைய கல்லையும் சூலத்தையும் கோயிலுக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றுங்கள்.

ஆசிரியர்களே, விநாயகர் காதின் பொருளைச் சொல்லிக் கொடுக்கும் அதே வகுப்பில், பிள்ளைகளின் கையில் மஞ்சளைக் கொடுத்துப் பிள்ளையார் பிடிக்கச் சொல்லுங்கள். தோரணம் கட்டச் சொல்லுங்கள். கை அறிந்தது மறக்காது.

மாணவர்களே, உங்கள் குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்ததோ அந்தத் தோட்டத்துச் சாமியைத் தேடிப் போங்கள். அங்கே பூசை செய்யும் பெரியவரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். இதை யார் வைத்தது? எதனால் செய்தது? எந்தத் திசையைப் பார்க்கிறது, ஏன்? என்ன படைக்கிறீர்கள்? இதன் முன் எதைச் செய்யக் கூடாது? விடைகளை அவருடைய பேச்சிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். தேதியிட்டுப் படத்தோடு சேர்த்து உங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு படி, கோயிலில் ஒரு படி வையுங்கள். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். கைப்பேசியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். அறக்கட்டளையினர் மனம் வைத்தால், ஆண்டுதோறும் சிறந்த பதிவுக்கு ஒரு பரிசும் கொடுக்கலாம்.

சிதம்பரத்து நடராசருக்கு ஒரு மனவாசகங் கடந்தாரும் ஒரு குமாரசுவாமியும் கிடைத்தார்கள். புக்கிட் அசஹானுக்கும் தெபோங்குக்கும் கெமுனிங்குக்கும் அப்படி ஒருவர் வெளியிலிருந்து வரமாட்டார். அந்தத் தோட்டங்களில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நீங்கள்தான் எழுத வேண்டும். சூலத்தின் முன் நின்ற கடைசித் தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு முன்பே போய்க் கேளுங்கள்.